பார்க்க மட்டும் அனுமதி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். எந்தப் பெட்டி வாங்கலாம், எந்த டிஸ்க் உழைக்கும், ஷேர் ஃபோல்டரை எப்படித் திறந்துவிடுவது? அதெல்லாம் பெட்டியோடு வரும் காகிதத்திலேயே இருக்கிறது. காகிதம் தொலைந்தால் யூடியூபில் இருக்கிறது. நானும் யாரிடமும் உட்கார்ந்து படித்தவன் இல்லை. அன்னவாசலில் ரேடியோவும் டிவியும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன், காலம் மாறியதும் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். அப்புறம் புதுக்கோட்டையில் கடை வைத்தேன். இப்போது கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கைக்கு வேலை இல்லாமல் போனதும் வாய்க்கு வேலை கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இங்கே யார் யாரோடு பேசுவதில்லை? திருமயம் பக்கம் ஒரு வியாபாரக் குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒரே ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள், பேச்சே கிடையாது. அண்ணன் கணக்கை ஃபோல்டரில் போடுவார், தம்பி எடுத்துக்கொள்வார். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் பெட்டிதாங்க இப்ப பெரியவரு" என்றார் அண்ணன். சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நாம் திறந்துவிடுவது வெறும் ஃபோல்டரை இல்லை. யார் வாயில் வந்த சொல்லை யார் நம்ப வேண்டும் என்பதை அங்கே நாம்தான் எழுதி வைக்கிறோம். இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒரு கடற்கரை ஊர்.

ஊர்ப் பெயர் வேண்டாம். கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் போகிற அதே ரோட்டில், ஒரு சின்னக் கரை. அந்த ஊர் மீனவர் சங்கத்தின் தலைவர் என் கடைக்கு வந்தார். விலை கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

"ஒரு படகு லேட்டானாப் போதுங்க, கரையில ஆளுக்கொரு கடல் ஆயிருது. பிடிச்சிட்டாய்ங்கங்கிறான் ஒருத்தன். எஞ்சின் நின்னுருச்சுங்கிறான் இன்னொருத்தன். பொம்பளைகள் எந்தக் கடலப் பாத்து அழுகுறது? எங்களுக்கு ஒரே ஒரு கடல் வேணும். அதுக்கு வழி பண்ணுங்க."

வழி பண்ணினேன். சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், படகுத் துறையில் வயர்லெஸ் வைத்திருக்கும் கொட்டகையில் இன்னொன்று, இரண்டிலும் ஒரே ஃபோல்டர்கள் தெரியும்படி பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி. படகுக்கு ஒரு ஃபோல்டர். அதனுள் படகின் பத்திரங்கள், போகிற ஆட்களின் அடையாள அட்டைகள், போட்டோக்கள். எதற்கு என்றால், படகை அடுத்த நாட்டுக்காரர்கள் பிடித்துவிட்டால் அன்றைக்கே அதிகாரிகளுக்கும் வக்கீலுக்கும் அத்தனையையும் அனுப்பியாக வேண்டும். பிடிபட்ட படகின் ஃபோல்டரைத் தனியாக ஒரு ஃபோல்டருக்குள் மாற்றிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

அந்தத் தனி ஃபோல்டருக்கு 'பிடிபட்டவை' என்று நான் டைப் அடித்ததும் எல்லாரும் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையில் வயர்லெஸ் பார்க்கும் ஜெயந்தி என்ற பெண்தான் வாயைத் திறந்தார். "யாரும் மாட்டுறதுக்கு முன்னாடியே கூண்டச் செஞ்சு வைக்காதீங்க சார்." நான் அழித்தேன். கொஞ்ச நேரம் யோசித்து அவர்களே ஒரு பெயர் சொன்னார்கள். அக்கரை. அதையே வைத்தோம். பெயர் வரிசையில் அதுதான் திரையில் முதலாவதாக வந்து நின்றது.

அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும், கதை அதில்தான் இருக்கிறது. போனில் யார் என்ன சொன்னாலும் நம்புவதில்லை. உறுதியான சேதி வந்த பிறகு அலுவலகத்தில் இருந்து படகின் ஃபோல்டரை அக்கரைக்கு மாற்ற வேண்டும். ஜெயந்தி தன் திரையில் அதைப் பார்த்து, தேடப்போன படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். பிடிபட்ட படகைத் தேடி எல்லைப் பக்கம் போனால் தேடப்போனவனும் மாட்டுவான், அதனால் அந்த அவசரம். ஃபோல்டரில் மாறினால் சேதி, மாறாவிட்டால் வதந்தி. ஜெயந்தியின் கம்ப்யூட்டரில் பார்க்க மட்டும் முடியும்படி வைத்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் மாற்றவும் முடியும். அங்கே தலைவர், செயலாளர், செல்லையா அண்ணன் மூவரும் உட்காருவார்கள்.

செல்லையா அண்ணன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நரம்புத் தளர்ச்சியில் வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வலையை விட்டுவிட்டுச் சங்கத்தில் எழுத்து வேலைக்கு வந்தார். அவருக்காகத் திரையில் எல்லாம் தமிழில் வரும்படி செய்து கொடுத்தேன். மவுஸைப் பிடித்தால் அம்பு திரை முழுக்க ஓடும். "சுறாவ இழுத்த கை தம்பி, இந்த எலிக்குட்டிக்கு அடங்க மாட்டேங்குது" என்பார். அவர் மகன் இளங்கோ வாசலில் நின்று சிரிப்பான். "அப்பா, அது ஓடிரப்போகுது, வாலப் பிடிங்க." ஆட்களின் போட்டோவை எல்லாம் செல்லையா அண்ணன்தான் போனில் எடுத்து ஏற்றினார். இளங்கோ போட்டோவில் மட்டும் கண் பாதி மூடியிருக்கும், சிரிப்பை அடக்க முடியாமல். வேறே எடுக்கச் சொன்னேன். "அதிகாரிக்கு மொகம் தெரிஞ்சாப் போதும்ல" என்று விட்டுவிட்டார். இளங்கோவின் பைபர் படகுக்கு அவன் மகள் பெயர், ஆனந்தி. அந்த ஃபோல்டர் அக்கரைக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் நின்றது.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. ஒரு தடவை ஒரு விசைப்படகு பிடிபட்டபோது சங்கம் அன்றைக்கே எல்லாக் காகிதத்தையும் அனுப்பியது. கரையில் கூச்சல் இல்லை. தலைவர் எனக்குப் போன் செய்து, இப்போது எங்களுக்கு ஒரே கடல்தான் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. இளங்கோவும் கூட்டாளி காதரும் போன ஆனந்தி காலையில் திரும்பவில்லை. முந்தின நாள் காற்று சரியில்லை. படகுகள் தேடப் போயின. தலைவர் அலுவலகத்துக்கும் கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். படகின் காகிதங்களைப் பிரிண்ட் எடுப்பார், வெளியே போய் அழுகிறவர்களிடம் நிற்பார், மறுபடி உள்ளே வருவார். செல்லையா அண்ணனால் படகேற முடியாது. அவர் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தார்.

மத்தியானம் ஜெயந்தியின் திரையில் ஆனந்தி அக்கரைக்குள் இருந்தது. அவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். தேடப்போன படகுகள் திரும்பின. செயலாளருக்குச் சேதி வந்திருக்கும் என்று தலைவர் நினைத்தார். தலைவருக்கு வந்திருக்கும் என்று செயலாளர் நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதற்காகத்தானே அந்தப் பெட்டி. கரையில் அழுகை நின்று, பெருமூச்சு வந்தது. இளங்கோவின் பெண்டாட்டி, ஜெயிலில் இருந்தாலும் உசுரோடு இருக்கிறாரே என்று மணலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினாளாம்.

சாயங்காலம்தான் அதிகாரிகள் பக்கமிருந்து சேதி தெரிந்தது. அப்படி ஒரு படகை யாரும் பிடிக்கவில்லை. ஃபோல்டரைப் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி கடலுக்கு ஓடினார்கள். விடிந்த பிறகு காதர் கிடைத்தார், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு. இளங்கோ கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காதர் சொன்னது கரை முழுக்கப் பரவியது. "படகு வந்துச்சு. தூரத்துல தெரிஞ்சுச்சு. சட்டையக் கழட்டி ஆட்டுனோம். திரும்பிருச்சு. இருட்டுறவரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

இதைக் கேட்டபின் அந்த ஊருக்கு ஒரே கேள்விதான் இருந்தது. ஃபோல்டரை மாற்றியது யார்?

தலைவர் என்னைக் கூப்பிட்டார். அலுவலக வாசலில் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். ஜெயந்தி ஓரமாக, யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றார். வயர்லெஸ்ஸில் வந்த குரல் அவருடையது, அதனால் கையும் அவருடையதுதான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்தத் தெருவில் அவரோடு பேச்சு நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து, "மிசினு பொய் சொல்லாதுல்ல? யாருன்னு எடுத்துக் குடுத்துருங்க" என்றார். அந்தப் பிடியில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யார் எதைத் தொட்டார்கள் என்று குறித்து வைக்கிற வசதி அந்தச் சின்னப் பெட்டியில் ஓடவில்லை. அதை அங்கேயே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே செல்லையா அண்ணன் இருந்தார். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, யாரால் சொல்ல முடியும்? தோளில் துண்டு. முகத்தில் தூக்கம் இல்லை. "தம்பி, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பயலப் பாத்துக்கிறேனே" என்றார். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்து மவுஸின் மேல் கையை வைத்தார். ஆனந்தி மேல் அம்பைக் கொண்டுவந்து அழுத்தினார். இரண்டு தட்டுத் தட்ட வேண்டிய இடத்தில் விரல் அழுந்தியபடியே நின்றது. கை நடுங்கியது. ஃபோல்டர் அம்போடு ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இழுபட்டது. விரல் விட்டது. ஆனந்தி மறைந்தது.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஃபோல்டரைக் காணோம் என்று யார் கூப்பிட்டாலும் பக்கத்து ஃபோல்டருக்குள்தான் முதலில் பார்ப்போம், இல்லையா? அதையேதான் என் கண்ணெதிரே பார்த்தேன்.

"இப்பிடித்தான் தம்பி, அப்பப்ப ஒளிஞ்சுக்கிருவான்" என்றார். "அன்னைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், காணாமப் போயிட்டான். திரை கெட்டுப்போச்சுன்னு எந்திரிச்சுக் கரைக்குப் போயிட்டேன். போன கொஞ்ச நேரத்துல, அக்கரையில இருக்கான்னு சத்தம் கேட்டுச்சு. நான் கும்பிட்டேன் தம்பி. கடலப் பாத்துக் கும்பிட்டேன்."

துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் முகம் துண்டுக்குள் இருந்தபோது குனிந்து, அக்கரைக்குள் விழுந்ததை வெளியே எடுத்துப் போட்டேன். துண்டை எடுத்தபோது ஆனந்தி பழைய இடத்தில் இருந்தது. போட்டோவை நானே திறந்து கொடுத்தேன். பாதி மூடிய கண்ணோடு அவன் சிரித்தான்.

வெளியே வந்தேன். தம்பிகளே, அந்த வாசற்படியில் எனக்கு என்ன தெரியும் என்பதைவிட, எதைச் சொன்னால் யார் உயிரோடு இருப்பார் என்பதுதான் பெரிதாக இருந்தது. ஜெயந்தியை விடுவிக்க வேண்டும். அதற்கு உண்மையே போதும். "ஜெயந்தி கம்ப்யூட்டர்ல பாக்கத்தான் முடியும். மாத்தவே முடியாது. நான்தான் அப்பிடி வச்சேன், வந்து யார் வேணாலும் மாத்திப் பாருங்க" என்றேன். இரண்டு பேர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார்கள். ஜெயந்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஆபீஸ்லதான?" என்றது ஒரு குரல். "யாரு கை?"

யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை, இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்றேன். அது போதவில்லை. கூட்டம் அசையவில்லை. அந்த நேரத்தில் தலைவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். மேசை மேல் இருந்த செல்லையா அண்ணனின் கையைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு அதுலதான் நான் பிரிண்ட்டு எடுத்துக்கிட்டு ஓடியாந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "அவசரத்துல என் கைதான் இழுத்திருக்கும். எங்கிட்ட கேளுங்க, வேற யாரையும் கேக்காதீங்க."

திட்டினார்கள். தலைவராக இருக்கத் தகுதி இல்லை என்றார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவரிடம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கே வேலையை முடித்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரிலும் பார்க்க மட்டும் அனுமதி. ஃபோல்டரை நகர்த்த வேண்டும் என்றால் தலைவர் தனிக் கடவுச்சொல் போட்டு வர வேண்டும். மாறியதைக் கண்டால் ஜெயந்தி ஒரு தடவை வாயால் கேட்டு உறுதி செய்த பிறகுதான் வயர்லெஸ்ஸைத் தொட வேண்டும். பெட்டி வந்த பிறகு விட்டுப்போன பேச்சை மறுபடி நடுவில் வைத்தேன். நான் பையை மாட்டும்போது செல்லையா அண்ணன் கேட்டார்.

"என்னமோ அனுமதிய மாத்திட்டீங்கன்னு சொன்னாங்க. நான் பாக்கலாம்ல தம்பி?"

"பாக்கலாம்ணே. எப்ப வேணாலும் பாக்கலாம்."

இனிமேல் அவர் கை எப்படி நடுங்கினாலும் பையன் இடம் மாற மாட்டான் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து போன். பின்னால் கடல் சத்தமா காற்றா தெரியவில்லை.

"தம்பி, பாக்கலாம்னுதான சொன்னீங்க? திரையில ஒரு கட்டம் வருது. அனுமதி இல்லங்குது."

"போட்டோவத் தொறக்குறப்பவாண்ணே?"

"ஆமா. வாசிக்கிறேன் இருங்க." எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆனந்தி என்ற ஃபோல்டரை அக்கரைக்கு நகர்த்த உங்களுக்கு அனுமதி இல்லை என்பதுபோல் ஏதோ. படகின் பெயர் வந்த இடத்தில் குரல் மெதுவானது.

எந்தக் கதவைச் சாத்தினோம் என்று நமக்குத் தெரியும். சாத்திய கதவில் முட்டுகிறவனிடம் மிஷின் என்ன வார்த்தை சொல்லும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்தத் துண்டு மறைத்ததை, தலைவர் தன் மேல் போட்டுக்கொண்டதை, அந்தச் சின்னக் கட்டம் ஒரே வரியில் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் எங்க தம்பி நகத்துனேன்?" என்றார். "பாக்கத்தான செஞ்சேன்."

"மவுஸ் பழசுண்ணே. புதுசு கொண்டாந்து மாத்திர்றேன்."

"மவுசா" என்றார். அப்புறம், "சரி தம்பி. வச்சிர்றேன்."

அந்தக் கட்டம் வராமலே செய்திருக்க முடியுமா? முடியும். அந்த ஃபோல்டர் வரிசைக்கே அவர் போக வேண்டாதபடி போட்டோவைத் தனியாக எடுத்துத் திரையில் வைத்துக் கொடுத்திருக்கலாம். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். அனுமதியை எடுக்கும்போது எதை எடுக்கிறோம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அது இல்லை என்று யாரிடம், எந்தச் சொல்லில் தெரியப்போகிறது என்று அவர் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

புது மவுஸ் வாங்கிக்கொண்டு போனேன். மத்தியான வெயில், கரையில் ஆள் இல்லை. அலுவலக ஜன்னல் திறந்திருந்தது. செல்லையா அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். வலது கை மவுஸ் மேல். அந்த மணிக்கட்டை இடது கையால் மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தார். நகம் வெளுத்திருந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. போட்டோ திறந்தது. திறந்த பிறகும் பிடியை விடவில்லை.

உள்ளே போகாமல், கொட்டகைக்குப் போய் மவுஸை ஜெயந்தியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.